டெபாசிஷனை விட்டு நீதிமன்ற ரிப்போர்ட்டராகப் போகலாமா?

கேட்டவர் அமெரிக்காவில் இருக்கிறார். ஸ்டெனோ பள்ளியை முடித்துவிட்டு, சில ஆண்டுகளாக ஃப்ரீலான்ஸ் முறையில் டெபாசிஷன், அதாவது விசாரணைக்கு முன் நீதிமன்றத்துக்கு வெளியே சாட்சி உறுதிமொழியுடன் சொல்வதை, எழுதிவருகிறார். இப்போது உள்ளூர் நீதிமன்றத்தில் அதிகாரபூர்வ ரிப்போர்ட்டர் பதவி ஒன்று, அதாவது அங்கே பேசப்படுவதைச் சொல்லுக்குச் சொல் பதிவு செய்யும் வேலை, காலியாகியிருக்கிறது. போகலாமா, வருமானம் குறையுமா, என் வேகம் போதுமா, ஒலிப்பதிவும் செயற்கை நுண்ணறிவும் நுழைந்துகொண்டிருக்கும் காலத்தில் இந்தப் பதவி எத்தனை நாளைக்கு என்பவை அவருடைய கேள்விகள்.

நான் இரண்டு பக்கமும் இருந்தவள். முதலில் வழக்கறிஞர் அலுவலகங்களுக்கு அலைந்து டெபாசிஷன் எழுதினேன். பிறகு ஒரு மாநில விசாரணை நீதிமன்றத்தில் நிரந்தரமாக உட்கார்ந்தேன். போகலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு உங்களை உண்மையாகவே அலைக்கழிக்கப்போகிற விஷயம் உங்கள் கவலைகளில் இடம்பெறவில்லை. வேகமாக எழுதுவது இந்த வேலையில் பாதிதான். எழுத முடியாத நிலை வரும்போது, நீதிபதி உட்பட அறையில் இருக்கும் எல்லோரையும் நிறுத்தத் தெரிய வேண்டும். அந்தத் துணிச்சல் வருவதற்குத்தான் நாளாகும்.

ஏன் நிறுத்த வேண்டும் என்பதைச் சட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். ஃபெடரல் மாவட்ட நீதிமன்றங்களுக்கு அதிகாரபூர்வ ரிப்போர்ட்டர்களை நியமிக்கும் சட்டம் 1944இல் வந்தது. இன்று அது அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 28ஆம் தலைப்பில் 753ஆம் பிரிவு. ரிப்போர்ட்டர் சான்றளித்த டிரான்ஸ்கிரிப்ட் (குறிப்புகளிலிருந்து எடுத்தெழுதிய முழு எழுத்துப் பிரதி), நடந்ததைச் சரியாகச் சொல்கிறது என்று எடுத்த எடுப்பில் ஏற்கப்படும் என்கிறது அந்தப் பிரிவு. தவறு என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். மூலக் குறிப்புகளைக் குறைந்தது 10 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மாநில நீதிமன்றங்களின் விதிகள் இடத்துக்கு இடம் மாறும், அடிப்படை மாறாது. மேல்முறையீட்டு நீதிபதிகள் சாட்சியின் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர்கள் முன்னால் இருப்பது நீங்கள் கொடுத்த காகிதம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து ஆட்சேபித்தது அதில் இல்லையென்றால், மேல்முறையீட்டைப் பொறுத்தவரை அவர் எழுந்திருக்கவே இல்லை.

காகிதம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஃபுளோரிடா வழக்கு ஒன்றைச் சொல்லலாம். 2009இல் நடந்த கொலை வழக்கு விசாரணை. ஜூரி குற்றவாளி என்று சொல்லிவிட்டது. ரிப்போர்ட்டர் இயந்திரத்துக்குப் போதிய தாள் கொண்டுவரவில்லை. இயந்திரத்தின் நினைவகத்தை நம்பி எழுதினார். பிறகு அதைக் கணினிக்கு மாற்றிவிட்டு இயந்திரத்தில் இருந்ததை அழித்தார். கணினியில் வைரஸ் புகுந்தது. விசாரணையின் பெரும்பகுதிக்குப் பதிவே இல்லை என்றானதும், 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. கொலையுண்டவரின் குடும்பம் எல்லாவற்றையும் மறுபடி கேட்க வேண்டியதாயிற்று. இதைச் சொல்லிப் பயமுறுத்த நினைக்கவில்லை. இப்போதெல்லாம் இயந்திரத்தின் நினைவு அட்டை, மடிக்கணினி, தனியாக ஒரு பிரதி என்று மூன்று இடத்தில் சேமிப்பது வழக்கமாகிவிட்டது. நீதிமன்றமே சேமித்துக்கொள்ளும் என்று மட்டும் நம்பாதீர்கள்.

நம் ஊர் நீதிமன்றங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் பதவியின் எடை சட்டென்று புரியாது என்பதால் ஒரு குறுக்குப் பேச்சு. தமிழ்நாட்டு விசாரணை நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதை நீதிபதி கேட்டு, தன் வாக்கியத்தில் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்வார்கள். கேள்வி தனியாக வராது, பதிலுக்குள்ளேயே மடங்கிவிடும். ‘நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல’ என்ற வாக்கியத்தைச் சாட்சியத்தில் படிக்காத வழக்கறிஞர் இருக்க மாட்டார். அமர்வு நீதிமன்றத்தில் சாட்சியத்தைச் சாதாரணமாகக் கதைபோல எழுத வேண்டும், நீதிபதி விரும்பினால் கேள்வி பதிலாக எழுதலாம் என்பதுதான் அங்கே சட்டம். ஆகவே அங்கே பதிவுக்குப் பொறுப்பு நீதிபதி. இங்கே கேள்வி கேள்வியாக, பதில் பதிலாக, இழுப்பும் திணறலும் சேர்ந்து இறங்குகிறது. கையெழுத்துப் போடுகிற பொறுப்பு உங்களுடையது. நீதிபதியின் வாய்ச்சொல்லும் அந்தப் பதிவுக்குள் அடக்கம். அவர் இலக்கணப் பிழையோடு பேசினாலும் அப்படியே வரும்.

டெபாசிஷனில் நீங்கள் பழகிய பல சங்கதிகள் இங்கே தலைகீழ். டெபாசிஷன் அறையில் நீதிபதி கிடையாது. சாட்சிக்கு உறுதிமொழி செய்துவைப்பவர் நீங்கள். ஃபெடரல் சிவில் விதிப்படி ஒரு டெபாசிஷன் ஒரே நாளில் 7 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். ‘பதிவுக்கு வெளியே’ போக வேண்டுமானால் எல்லா வழக்கறிஞர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவர் மறுத்தாலும் நீங்கள் எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள். சாட்சி பிறகு டிரான்ஸ்கிரிப்டை வாங்கிப் படித்து, 30 நாளுக்குள் திருத்தப் பட்டியல் கொடுக்கலாம். நீதிமன்றத்தில் உறுதிமொழி செய்துவைப்பது பெரும்பாலும் கிளார்க். பதிவை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் நீதிபதிக்கு மட்டும். வழக்கறிஞர் உங்களைப் பார்த்து ‘இது பதிவுக்கு வெளியே’ என்று கையைக் காட்டினால், நீதிபதியைப் பார்த்துக்கொண்டே எழுதிக்கொண்டிருங்கள். சாட்சி வீட்டுக்குப் போய்த் திருத்தப் பட்டியல் அனுப்பும் ஏற்பாடும் இங்கே இல்லை.

‘பதிவிலிருந்து நீக்குங்கள்’ என்று நீதிபதி உத்தரவிடும்போது என்ன செய்வது என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். எதையும் நீக்குவதில்லை. சாட்சி சொன்னது, வழக்கறிஞர் ஆட்சேபித்தது, நீதிபதி நீக்கச் சொன்னது என எல்லாம் டிரான்ஸ்கிரிப்டில் வரிசையாக நிற்கும். ஜூரி அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் அந்த உத்தரவின் பொருள். நீக்கியது சரியா தவறா என்று மேல்முறையீட்டில் பார்க்க வேண்டுமானால் நீக்கப்பட்டது கண்ணில் பட வேண்டுமே.

இனி, நிறுத்துவது. இரண்டு வழக்கறிஞர்களும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், இடையில் சாட்சியும் பதில் சொல்லிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெபாசிஷனில் நீங்கள் கையைத் தூக்கினால் காபி குடிக்கச் சாக்கு கிடைத்தது என்று நிறுத்துவார்கள். நீதிமன்றத்தில் பன்னிரண்டு ஜூரர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்; வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் சாட்சியை மடக்கப்போகிற நொடி அது. அந்த நொடியை உடைக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் அந்த நொடிதான் மேல்முறையீட்டில் படிக்கப்படப்போகிறது. நான் செய்வது இதுதான்: விசையிலிருந்து கையை எடுத்துத் தெரியும்படி உயர்த்துவேன், ‘நீதிபதி அவர்களே, சாட்சியின் பதில் எனக்குக் கிடைக்கவில்லை’ என்று அவரிடம் மட்டும் சொல்வேன். வழக்கறிஞரிடம் சொல்வதில்லை. சொன்னால் அவருடைய பேச்சைக் கெடுத்தவள் என்ற கணக்கில் போகும். நீதிபதியிடம் சொன்னால் அது நீதிமன்றத்தின் வேலை. பொதுவாகப் பேசாதீர்கள். ‘எல்லோரும் மெதுவாகப் பேசுங்கள்’ என்றால் ஒரு நிமிடம்கூடப் பலன் இருக்காது. எந்தப் பதில் விட்டுப்போயிற்று என்று குறிப்பாகச் சொன்னால்தான் அந்தப் பதில் மறுபடி கிடைக்கும்.

எப்போது நிறுத்தக் கூடாது என்பதும் உண்டு. சாட்சி அழத் தொடங்கி வார்த்தைகள் உடையும்போது உடனே கை தூக்கினால் அவர் அதோடு பேச்சை நிறுத்திவிடுவார். அங்கே கிடைத்தவரை எழுதிக்கொண்டு, மூச்சு வாங்குகிற இடத்தில் நீதிபதியைப் பார்த்தால் போதும். பழகிய நீதிபதிக்குப் புரிந்துவிடும். தலையாட்டல் இன்னொரு தொல்லை. தலையை ஆட்டினார் என்று போடலாமா, எப்படி ஆட்டினார் என்று நீங்கள் முடிவு செய்யலாமா என்பதில் ரிப்போர்ட்டர்களுக்குள்ளேயே ஒருமித்த பழக்கம் கிடையாது. வழக்கறிஞர் ‘வாயால் பதில் சொல்லுங்கள்’ என்று கேட்டு வாங்குவதே நல்லது. ‘இவ்வளவு தூரத்தில் நின்றான்’ என்று சாட்சி கையை விரித்தால் அந்த ‘இவ்வளவு’ காகிதத்தில் ஒன்றுமே இல்லை. எத்தனை அடி என்று கேட்டுப் பதிவாக்குவது வழக்கறிஞரின் வேலை. அதை அவர் மறந்தால் நீங்கள் ஞாபகப்படுத்தக் கூடாது. ஞாபகப்படுத்தினால் நீங்கள் ஒரு கட்சிக்கு உதவியவராகிவிடுகிறீர்கள்.

இந்தக் கட்சி சாராமை எங்கே கனக்கிறது என்றால், மொழிபெயர்ப்பாளர் இருக்கும் வழக்கில். வேறு மொழியில் சாட்சி சொல்லும்போது மொழிபெயர்ப்பாளர் சொல்லும் ஆங்கிலம் மட்டுமே பதிவு. சாட்சியின் சொந்தச் சொற்கள் டிரான்ஸ்கிரிப்டில் வருவதில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு நாள் தமிழ் பேசும் சாட்சி வந்தே தீருவார். எனக்கும் வந்தார். அவர் ஒரு பதிலை முடித்துவிட்டுக் கடைசியில் தணிந்த குரலில் ஒரு வாக்கியம் சேர்க்கிறார்; மொழிபெயர்ப்பாளர் முதல் பகுதியைச் சொல்லி நிறுத்திவிடுகிறார். அறையில் அந்த விடுபட்ட வாக்கியம் புரிந்தது எனக்கு மட்டும். என் கை மொழிபெயர்ப்பாளர் சொன்னதோடு நின்றது, நிற்கத்தான் வேண்டும். இடைவேளையில் நீதிபதியிடம், எனக்கு இந்த மொழி தெரியும் என்ற செய்தியை மட்டும் சொன்னேன். என்ன செய்வது என்பதை அவர் இரு தரப்பையும் வைத்துக்கொண்டு முடிவு செய்தார். ஆங்கிலப் பதிவுக்கே மதிப்பு என்பதை இந்த நாட்டு நீதிமன்றங்கள் எவ்வளவு கறாராக எடுத்துக்கொள்கின்றன என்பதற்கு 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஹெர்னாண்டஸ் எதிர் நியூயார்க் வழக்கைப் பாருங்கள். ஸ்பானிய மொழி தெரிந்தவர்கள் மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலத்தை ஏற்பார்களா என்ற சந்தேகத்தைக் காரணம் காட்டி அரசு வழக்கறிஞர் சிலரை ஜூரியிலிருந்து விலக்கினார். நீதிமன்றம் அந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்டது. மொழி தெரிந்திருப்பது அங்கே குறையாகிவிட்டது. அந்தத் தீர்ப்பு எனக்கு உவப்பானதில்லை, ஆனால் நாற்காலியில் உட்காரும்போது அதை மறப்பதில்லை.

ஆங்கிலத்துக்குள்ளேயும் இதே சிக்கல் உண்டு. ஃபிலடெல்ஃபியா நீதிமன்றங்களின் ரிப்போர்ட்டர்கள் 27 பேரை வைத்து நடத்தி 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில், கறுப்பின மக்களின் பேச்சு வழக்கில் பதிவு செய்த வாக்கியங்களை அவர்கள் எழுதிக் காட்டினார்கள். முழுவதும் சரியாக எழுதப்பட்ட வாக்கியங்கள் 59.5 சதவீதம், சொல் கணக்கில் பார்த்தாலும் 82.9 சதவீதம். இவர்கள் 95 சதவீதத் துல்லியத்துக்குச் சான்றிதழ் வாங்கியவர்கள். பயிற்சிப் பள்ளியில் நமக்கு ஒலிபெருக்கியில் கேட்டது வானொலி அறிவிப்பாளர் ஆங்கிலம். நீதிமன்றத்துக்கு வருகிறவர்கள் அப்படிப் பேசுவதில்லை. வேகப் பயிற்சிக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியை உங்கள் மாவட்டத்து மக்கள் பேசும் பேச்சைக் கேட்கச் செலவிடுங்கள். புரியாத இடத்தில் புரிந்த மாதிரி எழுதுவதைவிடக் கை தூக்குவது மேல்.

எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டும் ரீட்பேக் பற்றி டெபாசிஷனில் உங்களுக்குத் தெரியாது என்றில்லை, ஆனால் அங்கே கடைசிக் கேள்வியைப் படித்தால் போதும். இங்கே ஜூரி ஆலோசனைக்குப் போன பிறகு, ஒரு சாட்சி சொன்னது முழுவதையும் மறுபடி கேட்க வேண்டும் என்று நீதிபதிக்குச் சீட்டு அனுப்புவார்கள். நீதிபதியும் வழக்கறிஞர்களும் எந்தப் பகுதி என்று முடிவு செய்தபின் நீங்கள் படிக்கிறீர்கள். ஏற்ற இறக்கம் இல்லாமல் படிக்க வேண்டும். சாட்சி கத்திச் சொன்னதையும் முணுமுணுத்துச் சொன்னதையும் ஒரே குரலில். வன்முறைக்கு ஆளான பெண் சொன்னதை ஒரு பிற்பகல் முழுவதும் அப்படிப் படித்தவர்களுக்குத் தெரியும், குரலைத் தட்டையாக வைத்திருப்பது உடம்பை எப்படிச் சோர வைக்கும் என்று. பிரேதப் பரிசோதனைப் படங்கள், குழந்தைகளின் சாட்சியம் எல்லாவற்றின்போதும் ஜூரர்களின் கண்ணில் நீங்கள் இருக்கிறீர்கள். முகம் மாறக் கூடாது. குற்றவியல் பிரிவுக்குப் போகிறீர்களா, குடும்ப வழக்குகளா, சிவிலா என்று விண்ணப்பிக்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிவில் விசாரணையில் இரண்டு பொறியாளர்கள் கான்கிரீட் பற்றி நான்கு நாள் பேசுவதும் ஒரு கொடுமைதான், ஆனால் இரவில் தூக்கம் வரும்.

வேகம் பற்றி. தெரியாதவர்களுக்காக இயந்திரத்தைப் பற்றி இரண்டு வரி. ஸ்டெனோடைப்பில் 22 விசைகளும் எண்களுக்கு ஒரு பட்டையும் மட்டும். இடக்கை சொல்லின் தொடக்க ஒலிகளையும், கட்டைவிரல்கள் உயிர் ஒலிகளையும், வலக்கை முடிவு ஒலிகளையும் அழுத்தும்; ஹார்மோனியத்தில் பல கட்டைகளைச் சேர்த்துப் பிடிப்பதுபோல ஓர் அசை முழுவதும் ஒரே அழுத்தில் இறங்கும். எல் என்ற எழுத்துக்கு இடப்பக்கம் விசை கிடையாது. ஹெச்சும் ஆரும் சேர்ந்தால் எல். இடப்பக்க மெய்யெழுத்து விசைகளை எல்லாம் ஒன்றாக அழுத்தினால் அடுத்து வருவது கேள்வி. வலப்பக்கத்தில் அப்படி அழுத்தினால் அடுத்து வருவது பதில். தேசிய கோர்ட் ரிப்போர்ட்டர்கள் சங்கத்தின் ஆர்.பி.ஆர். என்ற தகுதிச் சான்றிதழ்த் தேர்வு நிமிடத்துக்கு 180, 200, 225 சொற்கள் என மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 5 நிமிடம், 95 சதவீதத் துல்லியம். 225இல் 5 நிமிடம் என்றால் 1,125 சொற்கள். ஐம்பத்தாறு பிழை வரை போனாலும் தேர்ச்சி. நீதிமன்றத்தில் ஒரு ‘இல்லை’ விட்டுப்போனால் அந்த ஒரு பிழை போதும். ஆர்.பி.ஆர். இருந்தால் பல மாநிலங்களில் கதவு திறக்கும். கலிஃபோர்னியா போன்றவை தங்கள் சொந்த உரிமத் தேர்வு கேட்கும். ரியல்டைம் சான்றிதழும் வாங்கி வைத்திருந்தால் நல்லது, நீதிபதியின் திரையில் சொற்கள் உடனுக்குடன் ஓட வேண்டும் என்று இப்போது பலர் எதிர்பார்க்கிறார்கள்.

உங்கள் வேகம் சாட்சிகளிடம் தோற்காது, நீதிபதியிடம் தோற்கும். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வழக்குகளில் உரிமைகளை எடுத்துச் சொல்வதை அவர் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார், மனப்பாடம். மூச்சு விடாமல் ஓட்டுவார். வேலையில் சேர்ந்த முதல் வாரமே அந்த வாசகத்தின் பிரதியைக் கிளார்க்கிடம் வாங்கி, அதற்கென்று சுருக்க அழுத்துகள் கட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அவர் சொன்னதைத்தான் எழுத வேண்டும், அச்சில் இருப்பதை அல்ல. மனப்பாடமாகச் சொல்கிறவர்கள்தான் ஒரு வரியை விழுங்குவார்கள், அந்த விழுங்கிய வரிக்காகத்தான் மேல்முறையீடு வரும்.

பணம். ஃப்ரீலான்ஸில் உங்களுக்குப் பக்கக் கணக்கு மட்டும். விசாரணை ரத்தானால் அன்று பெரிதாக ஒன்றுமில்லை. அதிகாரபூர்வ பதவியில் மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், அதற்கு மேல் டிரான்ஸ்கிரிப்ட் கேட்பவர்களிடம் பக்கக் கட்டணம் என்பது பல நீதிமன்றங்களின் ஏற்பாடு. ஃபெடரல் நீதிமன்றத்தில் பக்கத்துக்கு உச்சவரம்பை, அந்த நீதிமன்றங்களுக்குக் கொள்கை வகுக்கும் அமைப்பான ஜுடீஷியல் கான்ஃபரன்ஸ் நிர்ணயிக்கிறது. பக்கத்துக்கு 25 வரி. சாதாரணமாக 30 நாளில் கொடுப்பது ஒரு விலை, மறுநாள் காலை நீதிமன்றம் தொடங்கும் முன் கொடுப்பது அதைவிட அதிகம், இரண்டு மணி நேரத்தில் கொடுப்பது இன்னும் அதிகம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2023 மே மாதக் கணக்கில் இந்தத் தொழிலின் நடு ஊதியம் ஆண்டுக்கு 64,000 டாலரை ஒட்டி இருந்தது. பெரிய நகரங்களில் இதைவிட நன்றாகவே கிடைக்கும். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட நீதிமன்றம் 2023இல் புதிதாகச் சேர்பவர்களுக்கு 50,000 டாலர் வரை சேர்க்கை ஊக்கத்தொகை அறிவித்தது.

பக்கக் கட்டணம் கேட்க இனிக்கும். அது எப்போது சம்பாதிக்கப்படுகிறது என்று பாருங்கள். பகல் முழுவதும் நீதிமன்றத்தில் எழுதுகிறீர்கள். முழு நாள் விசாரணை என்றால் இருநூறு பக்கத்தைச் சுலபமாகத் தொடும். அதைத் திருத்தி, பெயர்களைச் சரிபார்த்து, சான்றளித்துக் கொடுப்பது மாலையிலும் சனி ஞாயிறுகளிலும். அடுத்த வழக்கு நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். ஃபெடரல் மேல்முறையீட்டில் 30 நாளுக்குள் டிரான்ஸ்கிரிப்ட் தராவிட்டால் கட்டணத்தில் 90 சதவீதம்தான் வாங்கலாம். 60 நாள் தாண்டினால் 80 சதவீதம். ஆகவே உங்கள் குறிப்பைத் திருத்திச் செம்மையாக்கித் தரும் ஸ்கோபிஸ்ட் ஒருவரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கொடுப்பது உங்கள் பையிலிருந்துதான். ஃபெடரல் ரிப்போர்ட்டர்கள் இயந்திரம், மென்பொருள் எல்லாவற்றையும் தாங்களே வாங்க வேண்டும். சில மாநிலங்களில் நீதிமன்றம் கொடுக்கும். பக்கக் கட்டணத்துக்குச் சம்பளத்தில் வரி பிடிப்பது பல இடங்களில் இல்லை. காலாண்டு வரியை ஒதுக்கி வையுங்கள்.

இனி ஒலிப்பதிவும் செயற்கை நுண்ணறிவும். ஒலிப்பதிவு புதிய பயம் இல்லை. அலாஸ்கா 1959இல் மாநிலமான பிறகு அமைத்த நீதிமன்றங்களில் தொடக்கம் முதலே ஒலிப்பதிவுதான் முறை. ஃபெடரல் திவால் நீதிமன்றங்களில் அது சாதாரணம். 753ஆம் பிரிவே சுருக்கெழுத்து, இயந்திரம், மின்னணு ஒலிப்பதிவு எல்லாவற்றையும் அனுமதிக்கிறது. மறுபக்கம் கலிஃபோர்னியா, எந்தெந்த வகை வழக்குகளில் மின்னணு ஒலிப்பதிவு செய்யலாம் என்று சட்டத்திலேயே வரையறுத்து வைத்திருக்கிறது. 2018க்குள் 5,500 ரிப்போர்ட்டர்கள் போதாமல் போவார்கள் என்று இந்தத் தொழிலுக்காக நடத்திய ஆய்வு முன்கூட்டியே சொன்னது. வயதானவர்கள் ஓய்வு பெறுகிறார்கள், பள்ளிகள் மூடிக்கொண்டே வந்தன. இந்தப் பற்றாக்குறைதான் இன்று உங்கள் சம்பளத்தை உயர்த்துகிறது. மைக்ரோஃபோனை உள்ளே கொண்டுவருவதும் இதே பற்றாக்குறைதான். ஆள் கிடைக்காத நீதிமன்றம் எத்தனை நாள் வழக்கைத் தள்ளிப்போடும்? நம் சங்கத்துக்காரர்கள் இந்த இரண்டாவது பாதியைப் பேசுவதே இல்லை.

‘மனிதர் போல இயந்திரம் துல்லியமாக எழுதாது’ என்ற வாதத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. மேலே சொன்ன ஃபிலடெல்ஃபியா எண்களைப் பார்த்த பிறகு எந்த முகத்தோடு அதைச் சொல்வது? ஒலிப்பதிவுக் கருவியால் முடியாதது வேறு: நடக்கும்போதே நிறுத்துவது. மைக்ரோஃபோன் அருகே காகிதம் சரசரத்து ஒரு பதில் போய்விட்டால், அது போய்விட்டது என்பது பல மாதம் கழித்து எழுத உட்காருபவருக்குத்தான் தெரியும். அவர் அங்கே ‘கேட்கவில்லை’ என்று அடைப்புக்குறிக்குள் போடுவார். சாட்சியைத் திரும்பக் கூப்பிட முடியாது. கையைத் தூக்கத் தயங்கும் ரிப்போர்ட்டருக்கும் அந்தக் கருவிக்கும் அதிக வித்தியாசம் இல்லை, கருவி மலிவு. உங்கள் பணிக்காலம் முழுவதும் இந்தப் பதவி இதே வடிவில் இருக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். கொலை வழக்கு, மரண தண்டனை வழக்கு, மறுநாள் காலை டிரான்ஸ்கிரிப்ட் கேட்கும் பெரிய சிவில் வழக்கு ஆகியவற்றில் கடைசிவரை ஆள் இருப்பார் என்பது என் கணிப்பு. அவற்றுக்கு அனுப்பப்படும் ஆளாக இருங்கள்.

விண்ணப்பிக்கும் முன் சில விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரே நீதிபதியோடு இருப்பீர்களா, பொதுக் குழுவிலிருந்து தினம் ஒரு நீதிமன்றமா? ஒரு நீதிபதியோடு என்றால் அவர் ஓய்வு பெறும்போது உங்கள் வேலை என்னாகும்? வழக்கு இல்லாத நேரத்தில் அலுவலகத்திலேயே டிரான்ஸ்கிரிப்ட் வேலை பார்க்கலாமா? வசதியற்ற குற்றம்சாட்டப்பட்டவர்களின் மேல்முறையீட்டுக்கு அரசு கொடுக்கும் பக்க விலை என்ன? சம்பளத் தொகையைவிட இந்தப் பதில்கள் உங்கள் ஆண்டு வருமானத்தை அதிகம் மாற்றும்.

அதோடு, யாருக்கும் சொல்லாமல் போய் அந்த நீதிமன்றத்தின் பார்வையாளர் வரிசையில் ஒரு காலைப்பொழுது உட்காருங்கள். எல்லோருக்கும் திறந்த அறைதானே. சாட்சியைப் பார்க்காதீர்கள், இப்போது இருக்கும் ரிப்போர்ட்டரைப் பாருங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறையாவது இடைவேளை விடுகிறார்களா? இரண்டு பேர் சேர்ந்து பேசும்போது நீதிபதி தானாகவே அடக்குகிறாரா? ரிப்போர்ட்டரின் கை உயர்ந்தால் நீதிபதி என்ன செய்கிறார்? உடனே பேச்சை நிறுத்தி ‘மறுபடி சொல்லுங்கள்’ என்றால் மறுநாளே விண்ணப்பத்தைக் கொடுங்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு ‘மேலே போங்கள்’ என்றால், அடுத்த காலியிடம் வரும்வரை டெபாசிஷனே எழுதிக்கொண்டிருங்கள்.